ஏரி நீரைப் போன்றதே மருந்தின் வீரியமும்

குளிர்காலம் நெருங்கும்போதெல்லாம் பறவைக் காய்ச்சல் பற்றிய செய்திகள் நாளிதழ்களில் இடம்பெறத் தொடங்கிவிடுகின்றன. ஆலப்புழையில் வாத்துகள் இறந்தன, கோதாவரி மாவட்டங்களில் கோழிகள் அழிக்கப்பட்டன, மாநில எல்லைச் சோதனைச் சாவடிகளில் வாகனங்களுக்குக் கிருமிநாசினி தெளிக்கப்படுகிறது என்ற வரிசையில் அச்செய்திகள் வருகின்றன. சில நாள்கள் முட்டை விலை சரிகிறது. இறைச்சிக் கடைகளில் கூட்டம் குறைகிறது. பிறகு எல்லாம் மறந்துபோகிறது. இவற்றுக்கிடையே மக்கள் கேட்கும் ஒரு கேள்விக்கு மட்டும் தெளிவான விடை கிடைப்பதில்லை. இந்த நோய் மனிதருக்கு வந்தால் மருந்து இருக்கிறதா?

இருக்கிறது என்பதே விடை. ஆனால், அந்த மருந்து அடுத்த ஆண்டும் வேலை செய்யுமா என்பதை ஆய்வகம்தான் சொல்ல முடியும். ஆய்வகம் சொல்ல வேண்டுமானால், இறந்த பறவையின் மாதிரி உரிய நேரத்தில் அங்கே போய்ச் சேர வேண்டும். மாதிரி சேர வேண்டுமானால், கோழி இறந்ததை அதை வளர்த்தவர் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் சொல்ல வேண்டுமானால், சொல்வதால் தனக்கு நட்டம் இல்லை என்ற நம்பிக்கை அவருக்கு இருக்க வேண்டும். இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி நுண்ணுயிரியலாளரின் கையில் இல்லை. கருவூலத்தின் கையில் இருக்கிறது. பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்ற ஒருவன் வைரஸ் பற்றி எழுதத் துணிவதற்கு இதுவே காரணம்.

எச்5என்1 வகை வைரஸ் பறவைகளிடமிருந்து நேரடியாக மனிதரைத் தாக்கியது முதன்முதலாக 1997-இல் ஹாங்காங்கில் கண்டறியப்பட்டது. அப்போது 18 பேர் நோயுற்றனர். அவர்களில் 6 பேர் இறந்தனர். 2003 முதல் இன்றுவரை உலக அளவில் ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு இத்தொற்று பதிவாகியிருக்கிறது. அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் உயிரிழந்தனர். லேசான பாதிப்புடன் பிழைத்தவர்கள் பலர் கணக்கில் வராமல் போயிருக்கலாம். ஆகவே, உண்மையான இறப்பு விகிதம் இதைவிடக் குறைவாக இருக்கக்கூடும். ஆயினும், அச்சப்பட இதுவே போதும். இந்தியாவில் 2021 ஜூலையில் ஹரியாணாவைச் சேர்ந்த சிறுவன் ஒருவன் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் இறந்தது முதல் மனித உயிரிழப்பாகப் பதிவானது. 2025 மார்ச்சில் ஆந்திரத்தின் பல்நாடு மாவட்டத்தைச் சேர்ந்த இரண்டு வயதுக் குழந்தை ஒன்றும் இத்தொற்றால் இறந்தது. பல்நாடு நமக்குத் தொலைவில் இல்லை.

இந்தியக் கோழிப் பண்ணைகளில் இந்நோய் முதலில் உறுதியானது 2006 பிப்ரவரியில், மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டத்திலுள்ள நவாபூரில். அதை உறுதிசெய்தது போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வகம். இன்று தேசிய உயர் பாதுகாப்பு விலங்கு நோய்கள் நிறுவனம் என்ற பெயரில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின்கீழ் அது இயங்குகிறது. மனிதரிடமிருந்து எடுக்கப்படும் மாதிரிகளுக்குப் புணேயிலுள்ள தேசிய வைராலஜி நிறுவனம் பொறுப்பு. நாட்டின் எந்த மூலையில் கோழி இறந்தாலும், பறவைக் காய்ச்சல்தானா என்ற இறுதித் தீர்ப்பு போபாலிலிருந்தே வருகிறது.

மருந்துகளுக்கு வருவோம். இன்ஃபுளுயன்சாவுக்கு எதிராக முதலில் வந்தவை அமான்டடின், ரிமான்டடின் ஆகியவை. அடுத்து வந்தவை ஜனாமிவிர், ஒசெல்டாமிவிர். 'டாமிஃபுளு' என்ற வணிகப் பெயரில் பலரும் அறிந்தது இந்த ஒசெல்டாமிவிரே. வைரஸ் நம் செல்லுக்குள் பெருகிய பின், அங்கிருந்து தன்னை அறுத்துக்கொண்டு வெளியேற நியூராமினிடேஸ் என்ற நொதியைப் பயன்படுத்துகிறது. இம்மருந்துகள் அந்த நொதியை முடக்கிவிடுகின்றன. வெளியேற முடியாத வைரஸ் பரவ முடிவதில்லை. 2018-இல் ஜப்பானில் ஒப்புதல் பெற்ற பலாக்சாவிர் வேறு வழியில் செயல்படுகிறது. வைரஸ் தன் மரபுப்பொருளைப் படியெடுக்கத் தொடங்கும் கட்டத்திலேயே அது தடுத்துவிடுகிறது.

ஒசெல்டாமிவிர் தயாரிப்பதற்கான மூலப்பொருள் பிரியாணிக்கு இடும் அன்னாசிப்பூவிலிருந்து எடுக்கப்பட்ட ஷிகிமிக் அமிலம் என்பதைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். பின்னர் அதை நுண்ணுயிரிகளைக் கொண்டு நொதிக்கவைத்துத் தயாரிக்கும் முறையும் வந்தது. அன்னாசிப்பூவைத் தின்றால் காய்ச்சல் வராது என்று இதற்குப் பொருளில்லை. பல வேதி மாற்றங்களுக்குப் பிறகே அது மருந்தாகிறது. சமூக ஊடக வைத்தியர்களை நினைத்து இதைச் சொல்லிவைக்கிறேன்.

ஒரு மருந்து குறிப்பிட்ட வைரஸுக்கு எதிராக வேலை செய்கிறதா என்பதை ஆய்வகம் எப்படி அறிகிறது? மாதிரியிலிருந்து வைரஸைப் பிரித்து, கருவுற்ற கோழி முட்டையிலோ நாயின் சிறுநீரகத்திலிருந்து பெறப்பட்டு வளர்க்கப்படும் செல்களிலோ பெருக்குகிறார்கள். பிறகு வெவ்வேறு செறிவுகளில் மருந்தைச் சேர்க்கிறார்கள். நொதியின் செயல்பாட்டைப் பாதியாகக் குறைக்க எவ்வளவு மருந்து தேவைப்படுகிறது என்பதே அளவுகோல். வழக்கமான வைரஸுக்குத் தேவைப்படுவதைப்போல் 10 மடங்குக்குள் இருந்தால் பிரச்னை இல்லை. 10 முதல் 100 மடங்கு வரை தேவைப்பட்டால் மருந்தின் பிடி தளர்ந்துவிட்டது எனக் கொள்வார்கள். 100 மடங்கைத் தாண்டினால் பிடி பெருமளவு நழுவிவிட்டது என்று பொருள். உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு வகுத்த வரையறை இது. வைரஸின் மரபணு வரிசையைப் படித்து, மருந்துக்குப் பிடிகொடுக்காத மாற்றங்கள் அதில் உள்ளனவா என்று பார்ப்பது மற்றொரு வழி. அதற்கு உயிருள்ள வைரஸை வளர்க்க வேண்டிய தேவையில்லை.

அடுத்த கட்டம் எலி, மரநாய் இனத்தைச் சேர்ந்த ஃபெரட் போன்ற விலங்குகளில் நடைபெறும் சோதனை. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரிலுள்ள செயின்ட் ஜூட் குழந்தைகள் ஆராய்ச்சி மருத்துவமனை 2025 மார்ச்சில் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் முக்கியமானது. 2024-இல் அமெரிக்கக் கறவை மாடுகளில் பரவிய எச்5என்1 வைரஸை எலிகளுக்குக் கண், மூக்கு, வாய் என மூன்று வழிகளில் தொற்றச் செய்து, ஒசெல்டாமிவிர், பலாக்சாவிர் இரண்டையும் அவர்கள் ஒப்பிட்டனர். கண்வழித் தொற்றில் பலாக்சாவிர் பெற்ற எலிகள் அனைத்தும் பிழைத்தன. ஒசெல்டாமிவிர் பெற்றவற்றில் 25 சதவீதமே பிழைத்தன. காய்ச்சாத பாலின் வழியே வாய்வழியாகத் தொற்றியவற்றில் இரு மருந்துகளுமே பெரிதாகக் கைகொடுக்கவில்லை. மருந்தின் பெயரைப் போலவே வைரஸ் உடலுக்குள் நுழைந்த வழியும் முக்கியம் என்பதை இந்த ஆய்வு காட்டியது.

எலி மனிதன் ஆகிவிடாது. கண்ணாடிக் கிண்ணத்தில் வேலை செய்யும் செறிவு நுரையீரலில் கிடைக்கும் என்பதற்கும் உறுதியில்லை. இந்த வரம்புகளை ஆய்வாளர்களே ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால், பறவைக் காய்ச்சலைப் பொறுத்தவரை ஆய்வகச் சோதனைக்கு ஒரு தனி இடம் உண்டு. சாதாரணக் காய்ச்சல் மருந்தை ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் ஒப்பிட்டுச் சோதிக்கலாம். உலகம் முழுவதும் கால் நூற்றாண்டில் ஏறத்தாழ ஆயிரம் பேருக்கே பதிவான நோய்க்கு அத்தகைய சோதனை நடத்த வழியில்லை. ஆகவே, எந்த மருந்தைக் கையிருப்பில் வைப்பது என்று அரசு முடிவெடுக்க, ஆய்வகத்தின் சொல்லே பெரும்பாலும் ஆதாரமாக இருக்கிறது.

இங்கேதான் பொருளியல் நுழைகிறது. மருந்தின் மாத்திரை தனியார் சொத்து. ஆனால், மருந்தின் வீரியம் பொதுச்சொத்து. ஒருவர் அதைத் தவறாகப் பயன்படுத்தினால் எல்லோருக்கும் அது குறைந்துபோகும்.

நான் வசிக்கும் ராஜகுளத்திலிருந்து உத்திரமேரூர் தொலைவில் இல்லை. அங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயிலின் கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காகவே நாம் பெருமையுடன் பேசுகிறோம். பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகன் காலத்தில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகள் எதற்காகத் தேர்தல் நடத்தினார்கள் என்பதையும் சொல்கின்றன. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று வாரியங்கள் அமைப்பதற்காக அத்தேர்தல் நடந்தது. ஏரி எல்லோருக்கும் பொது. மேல்மடைக்காரர் மதகைத் தன் விருப்பம்போல் திறந்தால் கடைமடையில் பயிர் கருகும். அதனால் ஏரிக்குக் காவல் தேவைப்பட்டது. அக்கல்வெட்டில் இன்னொரு விதியும் உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி குடவோலைக்குத் தகுதியற்றவர்கள். பொதுச்சொத்தைக் காப்பதற்கு இரண்டு தேவை: காவல், கணக்கு. பொதுவளங்களைப் பயன்படுத்துவோரே விதி வகுத்துக் கண்காணித்து அவற்றைக் காக்க முடியும் என்று நிறுவியதற்காக எலினார் ஆஸ்ட்ரம் 2009-இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றார். நம் ஊர் ஏரிக்கரைகளில் அது நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது.

வைரஸ் எதிர்ப்பு மருந்துகளின் வரலாற்றில் காவலும் கணக்கும் தவறியதற்குச் சான்றுகள் உள்ளன.

முதலாவது அமான்டடின். சீனாவில் கோழிப் பண்ணையாளர்கள் இந்த மலிவான மருந்தைத் தண்ணீரிலும் தீவனத்திலும் கலந்து கோழிகளுக்குக் கொடுத்துவந்ததாக 2005-இல் செய்தி வெளியானது. தான் அனுமதிக்கவில்லை என்றது சீன அரசு. யார் அனுமதித்தாலும் இல்லாவிட்டாலும், பண்ணையாளரின் கணக்கு எளிதாகப் புரிகிறது. மருந்து சில காசு. கோழி பல ரூபாய். மருந்து வீரியமிழந்தால் அந்த நட்டம் அவர் பேரேட்டில் வராது. உலகின் பேரேட்டில்தான் வரும். வியத்நாமிலும் தாய்லாந்திலும் மனிதரைத் தாக்கிய எச்5என்1 வைரஸ்கள் அமான்டடினுக்குக் கட்டுப்படாதவையாக இருந்தன. மனிதரிடையே பரவும் எச்3என்2 வகையிலும் இதே நிலை ஏற்பட்டது. 2006 ஜனவரியில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பரிசோதித்த மாதிரிகளில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவை மருந்துக்குக் கட்டுப்படவில்லை. அந்த மருந்தை இன்ஃபுளுயன்சாவுக்குப் பரிந்துரைக்க வேண்டாம் என்று அம்மையம் அறிவித்தது. அதே ஆண்டு மார்ச்சில், கோழி, வான்கோழி, வாத்து ஆகியவற்றுக்கு இவ்வகை மருந்துகளையும் ஒசெல்டாமிவிர் வகை மருந்துகளையும் கொடுக்க அமெரிக்க அரசு தடை விதித்தது.

இந்தியா இதற்கு விதிவிலக்கு அன்று. இந்தியாவில் பிரித்தெடுக்கப்பட்ட எச்5என்1 வைரஸ்கள் சிலவற்றில் அமான்டடின் எதிர்ப்பு இருப்பதைப் போபால் ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்டனர். 2009 முதல் 2017 வரை இந்தியக் கோழிகளிடமிருந்து பெறப்பட்ட எச்9என்2 வைரஸ்களிலும் அதே அடையாளங்களைப் புணே ஆய்வாளர்கள் கண்டனர். நம் பண்ணைகளில் யாரோ மருந்து கொடுத்தார்கள் என்பதற்கு இது சான்றாகாது. எதிர்ப்புத் தன்மை கொண்ட வைரஸ் எல்லை தாண்டியும் வரும். அது எப்படி வந்ததென்பது அடுத்த கேள்வி. வந்ததை நாம் அறிந்தது ஆய்வகம் சோதித்ததால் மட்டுமே.

இரண்டாவது ஒசெல்டாமிவிர். 2005-இல் வியத்நாமில் இம்மருந்து பெற்ற எச்5என்1 நோயாளிகள் எட்டுப் பேரில் இருவரிடம் மருந்துக்குக் கட்டுப்படாத வைரஸ் காணப்பட்டது, இருவரும் இறந்தனர். 2007-08 குளிர்காலத்தில், மருந்தை மிகக் குறைவாகவே பயன்படுத்திய நார்வே நாட்டில் சாதாரண எச்1என்1 வைரஸில் எதிர்ப்புத் தன்மை தலைகாட்டியது. ஓராண்டுக்குள் அவ்வகை உலகெங்கும் பரவிவிட்டது. யாரும் தவறு செய்யாமலும் வீரியம் குறையலாம் என்பது இதன் பாடம். 2024-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் எட்டுக் கோழிப் பண்ணைகளின் எச்5என்1 வைரஸிலும் அதே மரபணு மாற்றம் காணப்பட்டது. புதிய பலாக்சாவிரும் விலக்கன்று. அதன் முதல் பெரிய மருத்துவச் சோதனையிலேயே, மருந்து பெற்றவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவரிடம் எதிர்ப்புத் தன்மைக்கான மாற்றம் தோன்றியது.

மூன்றாவது, கணக்கு. 2009 பன்றிக் காய்ச்சலையொட்டி உலக நாடுகள் டாமிஃபுளுவை மலைபோல் வாங்கிக் குவித்தன. பிரிட்டன் மட்டும் அதற்கு 40 கோடி பவுண்டுக்கும் மேல் செலவிட்டது. மருந்து நிறுவனம் தன் சோதனை அறிக்கைகளை முழுமையாகத் தரப் பல ஆண்டுகள் பிடித்தன. அவற்றைப் பெற்று ஆராய்ந்த காக்ரேன் குழு, சாதாரணக் காய்ச்சலில் இம்மருந்து நோய்க்காலத்தை ஒரு நாளுக்கும் குறைவாகவே சுருக்குகிறது என்றும், மருத்துவமனையில் சேர்வதைக் குறைப்பதாக நம்பத்தக்க சான்று இல்லை என்றும் 2014-இல் கூறியது. 2017-இல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஒசெல்டாமிவிரை ஒரு படி கீழிறக்கியது.

அப்படியானால் இம்மருந்துக்காக ஏன் கவலைப்பட வேண்டும் என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சாதாரணக் காய்ச்சலில் ஒரு நாள் மிச்சமாவது பெரிதன்று. நுரையீரலைத் தாக்கிப் பாதிப் பேரைக் கொல்லும் நோயில், முதல் 48 மணி நேரத்துக்குள் தரப்படும் மருந்து வைரஸின் வேகத்தைச் சற்றுத் தணித்தாலும் அதன் மதிப்பு வேறு. 2024-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலில், நோயுற்ற பறவைகளுடன் தொடர்பு கொண்டவர்களுக்குத் தடுப்பாக இம்மருந்துகளைத் தரலாம் என்று கூறப்பட்டிருக்கிறது. நம் நாட்டிலும் கோழிகளை அழிக்கும் பணியாளர்களுக்கு ஒசெல்டாமிவிர் தரப்படுகிறது. குவித்து வைப்பதைவிட, வைத்திருப்பது வேலை செய்கிறதா என்று தொடர்ந்து சோதிப்பதுதான் பிரிட்டனின் அனுபவம் நமக்குத் தரும் பாடம். பூட்டிய கிடங்கில் வீரியமற்ற மாத்திரை இருப்பது, தூர்ந்த ஏரிக்கு மதகு கட்டுவதைப் போன்றது.

மருந்து உற்பத்தியில் இந்தியாவின் நிலை வலுவானதே. 2005-இல் ஹைதராபாதின் ஹெட்டிரோ நிறுவனம் ஒசெல்டாமிவிர் தயாரிக்க உரிமம் பெற்றது, சிப்லாவும் தயாரித்தது. 2009-இல் இம்மருந்துக்கான காப்புரிமை விண்ணப்பத்தை இந்தியக் காப்புரிமை அலுவலகம் நிராகரித்தது. ஆகவே, மாத்திரை நமக்குத் தட்டுப்பாடாக வேண்டியதில்லை. தட்டுப்பாடு இருப்பது தகவலில். அதாவது, உரிய நேரத்தில் ஆய்வகம் சென்றடையும் மாதிரிகளில்.

இப்போது கோழிக் கொட்டகைக்குப் போவோம். எங்கள் பகுதியில் கோழி வளர்க்காத தெரு அரிது. அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்ப்பவர்கள் பட்டி போடுகிறார்கள். ஊர் ஊராக அவர்கள் நகர்கிறார்கள். வலசைப் பறவைகள் வந்து தங்கும் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் அண்டை மாவட்டத்திலேயே உள்ளன. நீர்ப்பறவைகளும் வாத்துகளும் பல நேரங்களில் நோய்க்குறி ஏதும் இல்லாமலே இந்த வைரஸைச் சுமக்கக்கூடியவை. ஓர் ஊரில் கோழிகள் அடுத்தடுத்துச் செத்தால் மக்கள் வாயில் முதலில் வரும் பெயர் வெள்ளைக்கழிச்சல். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால், பறவைக் காய்ச்சலையும் வெள்ளைக்கழிச்சலையும் கண்ணால் பார்த்துப் பிரித்தறிவது கடினம். செத்தவற்றைப் புதைத்துவிட்டு, மிஞ்சியதைச் சந்தைக்கு அனுப்புவதே வழக்கம். அந்த வழக்கத்தைக் கண்டிப்பதற்கு முன், அதன் பின்னுள்ள கணக்கைப் பார்க்க வேண்டும்.

நோய் உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள பறவைகள் அழிக்கப்படுகின்றன. பத்துக் கிலோமீட்டர் வரை கண்காணிப்பு நடைபெறுகிறது. இழப்பீட்டை மத்திய, மாநில அரசுகள் பாதிப் பாதியாக ஏற்கின்றன. கேரளத்தில் அண்மை ஆண்டுகளில் இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பறவைக்கு ரூ.200, அதற்குக் குறைந்த வயதுக்கு ரூ.100, முட்டைக்கு ரூ.5 என்று தரப்பட்டது. வளர்ந்த நாட்டுக்கோழி ஒன்று சந்தையில் இதைப்போல் இரு மடங்குக்கும் மேல் விலை போகிறது. பத்துக் கோழி வளர்க்கும் ஒரு பெண், இரண்டு கோழி செத்ததும் கால்நடை மருத்துவரிடம் சொன்னால் என்ன நேரும்? மீதி எட்டும் போகும். அண்டை வீட்டுக் கோழிகளும் போகும். ஊர்ப் பகை சேரும். பணம் எப்போது வருமென்று தெரியாது. சொல்லாவிட்டால், எட்டையும் அடுத்த சந்தையில் விற்றுவிடலாம். மேற்கு வங்கத்தில் 2008-இல் ஏறத்தாழ 40 லட்சம் பறவைகள் அழிக்கப்பட்டபோது, கிராமத்தினர் கோழிகளை மறைத்து வைத்ததாகச் செய்திகள் வந்தன. அவர்களை அறியாமையில் உழல்பவர்கள் என்று சொல்வது எளிது. அவர்கள் செய்தது சாதாரண வரவு செலவுக் கணக்கு.

ஒப்பந்த முறையில் கறிக்கோழி வளர்ப்பவரின் நிலை இன்னும் சிக்கலானது. குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனத்தினுடையவை. கொட்டகையும் உழைப்பும் கடனும் விவசாயியுடையவை. அவருக்குக் கிடைப்பது வளர்ப்புக் கூலி. கோழியின் உடைமையாளருக்கு இழப்பீடு என்று மட்டும் விதி இருந்தால், மாதக்கணக்கில் வெறுமையாகக் கிடக்கப்போகும் கொட்டகைக்கு யார் ஈடு தருவது?

தாராளமாக இழப்பீடு தந்தால் பண்ணையாளர்கள் கவனமின்றி இருந்துவிட மாட்டார்களா என்று நிதித் துறையினர் கேட்பார்கள். பொருளியலில் இது பழைய கேள்வி. இதற்கு விடையும் உண்டு. தகவல் தந்த நாளில் உயிரோடிருந்த பறவைகளுக்கு முழுச் சந்தை விலை தர வேண்டும். அதற்கு முன்பே செத்தவற்றுக்குத் தரக் கூடாது. அப்போது தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் வளர்ப்பவருக்கே நட்டமாகும். முதல் கோழி விழுந்ததும் அவர் தொலைபேசியை எடுப்பார். பெரிய பண்ணைகளுக்கு வேலி, கிருமிநீக்கம், வருகைப் பதிவேடு போன்ற பாதுகாப்பு நிபந்தனைகளையும் சேர்க்கலாம்.

என் பார்வையில் தமிழ்நாட்டில் உடனடியாகச் செய்யத்தக்கவை நான்கு. முதலாவது, இழப்பீட்டுத் தொகையை ஆண்டுதோறும் சந்தை விலைக்கேற்ப அறிவித்து, குறிப்பிட்ட நாள்களுக்குள் வங்கிக் கணக்கில் செலுத்துவது. ஒப்பந்த வளர்ப்பாளருக்கும் மேய்ச்சல் வாத்துக்காரருக்கும் அதில் இடமளிப்பது. இரண்டாவது, மனிதருக்கான வைரஸ் எதிர்ப்பு மருந்துகள் எந்த வடிவிலும் பறவைத் தீவனத்திலோ தண்ணீரிலோ சேராதபடி தீவன, மருந்து விற்பனையைக் கண்காணிப்பது. மூன்றாவது, 2021-இல் சென்னையில் தொடங்கப்பட்ட மாநிலப் பொதுச் சுகாதார ஆய்வகத்தின் மரபணுப் பகுப்பாய்வு வசதியையும், 1899 முதல் இயங்கும் கிண்டி கிங் நிலையத்தையும், கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தையும் ஒரே வலையில் இணைப்பது. உயிருள்ள ஆபத்தான வைரஸைக் கையாளும் பணி போபாலிலேயே இருக்கட்டும். செயலிழக்கச் செய்யப்பட்ட மாதிரிகளில் மருந்து எதிர்ப்புக்கான மரபணு மாற்றங்களைத் தேடும் பணியை, உரிய அனுமதியுடன் இங்கேயே செய்யலாம். முடிவுகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மக்கள் படிக்கும்படி வெளியிட வேண்டும். நான்காவது, கடுமையான காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக வரும் நோயாளியிடம், 'உங்கள் வீட்டிலோ தெருவிலோ கோழி, வாத்து, காகம் செத்ததா?' என்று கேட்பதை ஆரம்ப சுகாதார நிலையங்களில் வழக்கமாக்குவது. அந்த ஒரு கேள்விக்குச் செலவில்லை. 48 மணி நேரம் என்ற கெடு கொண்ட மருந்துக்கு அதைவிடப் பெரிய துணையும் இல்லை.

இவற்றில் எதையும் சந்தை தானாகச் செய்யாது. மருந்து நிறுவனத்துக்கு விற்பனை முக்கியம். தன் மருந்து வலுவிழந்துவருகிறதா என்று ஊர் ஊராகத் தேடுவதில் அதற்கு ஆதாயம் இல்லை. பண்ணையாளருக்குத் தன் கோழி முக்கியம். நோயாளிக்குத் தன் உயிர் முக்கியம். எல்லோருக்குமான வீரியத்தைக் காக்கும் பொறுப்பு அரசுக்கு மட்டுமே உரியது. அதற்கான செலவை கால்நடைத் துறைக்கும் சுகாதாரத் துறைக்கும் பிரித்து எழுதி, இரு துறைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும் நிலை மாற வேண்டும். கோழிக்குத் தரும் இழப்பீட்டை நாம் நிவாரணச் செலவாகவே கருதிப் பழகிவிட்டோம். அதை மருந்துச் செலவின் ஒரு பகுதியாக எழுதத் தொடங்கினால், எத்தனை ரூபாய் தருவது நியாயம் என்ற விவாதமே வேறாக இருக்கும்.